எங்கள் கண்ணீர் வேண்டும், கேள்வி வேண்டாமா?

1

போன மாதம் எனக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது, நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியிலிருந்து. கெட்டி அட்டை, தங்க நிற எழுத்து. 'கல்வி வளாகத்தில் உரையாடல் அறமும் சமூகப் பொறுப்பும்' என்பது பொருள். முதல்வர் தலைமை. துறைத்தலைவர் வரவேற்புரை. சிறப்பு அழைப்பாளர் நான். என் பெயருக்கு முன்னால் 'சமூகச் செயற்பாட்டாளர்' என்று மரியாதையாகப் போட்டிருந்தார்கள். நான் படித்த காலத்தில் அங்கே வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எஸ்சி என்று எழுதி வைத்திருந்தார்கள். சிவப்பு மை இப்போது தங்க மை ஆகியிருக்கிறது. சந்தோஷம்.

மறுநாள் துறைத்தலைவர் போன் செய்தார். "வந்துடுங்கம்மா. வரும்போது அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. எல்லாரும் ஒக்காந்து மனசு விட்டுப் பேசினா தீர்ந்துடும். வெளிய போயி பெட்டிஷன் போட்டா நம்ம காலேஜுக்குத்தான அசிங்கம்?"

அந்தப் பொண்ணு யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனியில் நாங்கள் நடத்தும் இரவுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவள். அப்பா சித்தாள் வேலை. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். இப்போது அந்தக் கல்லூரியில் பி.ஏ. மூன்றாம் வருஷம். ஒருநாள் வகுப்பில் ஒரு விரிவுரையாளர் உதவித்தொகைப் பட்டியலோடு வந்து, "எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றிருக்கிறார். அறுபது பேர் உட்கார்ந்திருக்கப் பன்னிரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். நின்றவர்களில் இவள் மட்டும் கேட்டிருக்கிறாள்: "சார், பேரை மட்டும் படிச்சா போதாதா? சாதியைச் சொல்லி எதுக்கு நிக்க வைக்கிறீங்க?" அவர் சொன்ன பதில்: "படிக்கிறது ஓசியில. இதுல ரோஷம் வேறயா?"

அதோடு முடியவில்லை. அன்றிலிருந்து அவர் பாடவேளையில் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பதிவேட்டில் ஆப்சென்ட். இப்படிப் பத்தொன்பது பாடவேளைகள். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லையென்றால் தேர்வு எழுத முடியாது. மூன்று வருஷப் படிப்பு ஒரு பேனாவின் நுனியில் தொங்குகிறது. நின்ற பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவுக்குக் கிடைத்த பதில்தான் தங்க எழுத்து அழைப்பிதழ்.

"அக்கா, நான் வரணுமா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். அவளைப்போல் அழைப்பு வரப்போகிற மற்ற பிள்ளைகளுக்கும் ஆகட்டும்.

2

இந்த 'உரையாடல்' எனக்குப் புதிதில்லை. 2012ல் அதே கல்லூரியில், அதே அரங்கில் எனக்கும் ஒன்று நடந்தது. 'ஒடுக்கப்பட்டோர் இலக்கியம்' என்று இரண்டு நாள் கருத்தரங்கு. வெளியூர்ப் பேராசிரியர்கள் கட்டுரை வாசித்தார்கள். கடைசி அமர்வுக்குக் 'கலந்துரையாடல்' என்று பெயர். துறையில் படித்த தலித் மாணவிகளில் நான் கொஞ்சம் வாய் உள்ளவள். "நீ உன்னோட அனுபவத்தைச் சொல்லும்மா, கட்டுரையெல்லாம் வேண்டாம்" என்றார் பேராசிரியர். நான் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தேன். பள்ளுப் பிரபந்தங்களில் பண்ணையாள் எப்படிச் சிரிப்புப் பொருளாக்கப்படுகிறான் என்பது பற்றி. அது கைப்பையிலேயே இருந்தது.

மேடையேறிச் சொன்னேன். என் பள்ளிக்கூடத்தில் நடந்ததை, என் அம்மாவுக்கு நடந்ததை. அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் கண் கலங்குவீர்கள். கண்கலங்க வைக்க இதை எழுதவில்லை. அரங்கில் பாதிப்பேர் அழுதார்கள். ஒரு அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். பேராசிரியர் பொன்னாடை போர்த்தினார். எங்கள் தெருவில் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பாட்டிகளைப் பேட்டி எடுக்க ஆய்வு மாணவர்கள் வருவார்கள். "நல்லா அழுது பாடுங்க பாட்டி, ரெக்கார்டு ஆவணும்" என்பார்கள். அன்றைக்கு நான் அந்தப் பாட்டியாக இருந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

எல்லோரும் அழுது முடித்த நேரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். "அய்யா, அரசு உதவி பெறும் இந்தக் கல்லூரியில் இனச்சுழற்சி முறைப்படி பணி நியமனம் நடக்க வேண்டும். நம் துறையில் எங்கள் தெருக்களிலிருந்து இதுவரை ஒரு ஆசிரியராவது வந்திருக்கிறாரா? வரவில்லையென்றால் ஏன்?"

மணி அடித்தார்கள். 'நேரமின்மை காரணமாக' நன்றியுரைக்குப் போனார்கள். அழ நேரம் இருந்தது, பதில் சொல்ல நேரம் இல்லை.

அந்தப் பருவத்தில் பேராசிரியரின் தாளில் எனக்கு அகமதிப்பீடு இருபத்தைந்துக்குப் பதினாலு. முந்தைய பருவத்தில் இருபத்திரண்டு. அந்தத் தாளுக்குப் பாமாவின் 'கருக்கு' பாடநூல் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1992ல் வந்த அந்தப் புத்தகத்தை வகுப்பில் வைத்து உருகி உருகி நடத்தியவர் அவர். அவரிடம் போய், "ஏன் சார் கொறஞ்சிருக்கு?" என்றேன். "நீதான் நல்லாப் பேசுறியேம்மா, பேசியே பொழச்சுக்குவ" என்றார். எம்.பில்.லுக்கு நெறியாளர் கேட்டு மூன்று வாசல் ஏறினேன். மூன்று வாசலிலும் 'இடம் நிரம்பிவிட்டது'.

அவர்தான் இன்றைக்கு முதல்வர். 'உரையாடல் அற'த்துக்குத் தலைமை தாங்கப் போகிறவர்.

3

கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் 'சமாதானக் கூட்டம்' தெரியும். திருவிழாவில் சேரிக்காரன் கோயிலுக்குள் வரக்கூடாது என்று ஊர்த்தெரு அடித்துவிரட்டும். குடிசை எரியும். வண்டிகள் உடையும். நாலைந்து நாளில் தாசில்தார் ஆபீசில் கூட்டம் போடுவார்கள். ஊர்த்தெரு நாட்டாமைகள் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருப்பார்கள். நம் ஆட்கள் கதவோரம் துண்டை இடுக்கிக்கொண்டு நிற்பார்கள். 'இரு தரப்பினரும் சுமுகமாக நடந்துகொள்வதாக' ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். எரித்தவன் ஒரு தரப்பு, எரிந்தவன் ஒரு தரப்பு. கையெழுத்து ஆனதும் வன்கொடுமைச் சட்டத்தில் போட்ட புகாரைத் திரும்பப் பெறும்படி நெருக்குவார்கள். "அதான் பேசித் தீத்தாச்சே, இன்னும் எதுக்குக் கேசு?"

இந்தச் சமாதானக் கூட்டம்தான் சட்டை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குள் வந்திருக்கிறது. தாசில்தார் இடத்தில் முதல்வர். நாட்டாமை இடத்தில் விரிவுரையாளர். கதவோரம் நிற்க ஒரு பெண் தேவைப்படுகிறாள், அதற்குத்தான் "அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க". துறைத்தலைவர் சொன்ன அந்த 'வெளியில பெட்டிஷன்' என்பதுதான் விஷயத்தின் மையம். மனு வெளியே போகாமல் தடுக்கும் அணைக்கட்டுக்கு உரையாடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேர் பேசும்போது இரண்டு பேருக்கும் இழக்க ஏதாவது இருக்க வேண்டும். இங்கே என்ன நிலைமை? பேசினால் அவளுக்கு ஒரு வருஷம் போகும். விரிவுரையாளருக்கு அரை நாள் போகும். அவள் கையில் சொல் இருக்கிறது. அவர் கையில் பதிவேடும் அகமதிப்பீடும் நன்னடத்தைச் சான்றிதழும் இருக்கின்றன. இந்தக் கணக்கைத் தீர்க்காமல் 'மனசு விட்டுப் பேசு' என்பது, கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு 'இயல்பாகப் பாடு' என்பதைப் போன்றது.

முற்போக்கு நண்பர்கள் சிலர் என்னிடம் வருத்தப்படுகிறார்கள். "தோழர், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டால் எப்படி? உரையாடலுக்கான வெளியை நீங்களே அடைக்கிறீர்கள். கோபம் அரசியல் ஆகாது." நண்பர்களே, உரையாடலை மறுத்தவர்கள் நாங்களா? மனு எழுதியது யார்? நூறு வருஷத்துக்கும் மேலாகத் தாள் தாளாக மனு எழுதிக்கொண்டிருக்கும் கூட்டம் எங்களுடையது. மனு என்பது என்ன? பதில் சொல் என்று கேட்பது. பதில் சொல்லாதவனைப் பார்த்து யாரும் 'வெளியை அடைக்கிறாய்' என்று சொல்வதில்லை. இரண்டாம் முறை கேட்டவளைப் பார்த்துத்தான் சொல்கிறீர்கள்.

4

இது ஒரு சின்ன ஊர்க் கல்லூரியின் கதை, பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் அறிவு வளர்ந்திருக்கும், அங்கே விவாதம் நடக்கும் என்று நினைக்கிறவர்கள் இருக்கலாம். அங்கே நடந்ததைப் பார்ப்போம்.

சென்னை ஐஐடியில் 2014ஆம் ஆண்டு அம்பேத்கர் பிறந்தநாளில் மாணவர்கள் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கினார்கள். கூட்டம் போட்டார்கள், துண்டறிக்கை அச்சிட்டார்கள், விவாதித்தார்கள். அதாவது உரையாடினார்கள். பெயர் போடாத ஒரு புகார் தில்லிக்குப் போனது. மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஐஐடியிடம் கருத்துக் கேட்டது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் ரத்து. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். பெயரில்லாத புகாருக்குக் காது இருந்தது. பெயரோடு பேசிய மாணவர்களுக்குத் தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் காது கிடைத்தது.

ஐதராபாத் மத்திய பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும் இன்னும் நான்கு தலித் ஆய்வாளர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். நிர்வாகக் கட்டடத்துக்குள்ளும் பொது இடங்களிலும் கூட்டமாக நுழையக்கூடாது என்றார்கள். இதை ஊர்விலக்கு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? அவர்கள் வளாகத்துக்குள்ளேயே திறந்த வெளியில் கூடாரம் போட்டு அதற்கு 'வெளிவாடா' என்று சேரியின் பெயரை வைத்தார்கள். ரோகித் 2015 டிசம்பரில் துணைவேந்தருக்குக் கடிதம் எழுதினார். அதுவும் உரையாடல்தான். 2016 ஜனவரி 17ல் அவரை இழந்தோம். உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதத்தைப் படிக்க ஆள் இல்லை. கடைசிக் கடிதத்தை உலகமே படித்தது. எங்கள் கண்ணீர் வேண்டும், கேள்வி வேண்டாம் என்று நான் சொல்வது இதைத்தான்.

உயர்கல்வி நம்மோடு நடத்தும் முதல் உரையாடல் எது? நேர்காணல். வாய்மொழித் தேர்வு. எதிரே நான்கைந்து பேர். "எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்?" என்று ஆரம்பிக்கும். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையில் அமைந்த குழு 2016ல் மதிப்பெண்களை எடுத்து வைத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் வாய்மொழித் தேர்வில் போட்ட மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு தொடர்ச்சியான பாரபட்சப் போக்கு இருப்பதைச் சுட்டிக்காட்டியது. விடைத்தாளில் முகம் தெரியாது. நேர்காணலில் முகமும் உச்சரிப்பும் அப்பாவின் தொழிலும் தெரியும். நேருக்கு நேர் பேசினால் புரிதல் வளரும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நேருக்கு நேர் பேசிய இடத்தில் மதிப்பெண் குறைந்தது என்கிறது கணக்கு. அதே ஆண்டு மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் வாய்மொழித் தேர்வையே முடிவாக்கும் அறிவிப்பை வெளியிட்டது. சேலத்திலிருந்து போராடிப் போராடி அந்த வளாகத்துக்குள் நுழைந்த முத்துக்கிருஷ்ணன், ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதினார். 2017 மார்ச் 13ல் அவரும் போனார்.

2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு ஒரு பதில் கொடுத்தது. முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்களிலிருந்து இடையில் விலகிய எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்கள் 13,626 பேர். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, வேறு இடத்துக்கு மாறிக்கொள்கிறார்கள் என்று விளக்கமும் சொன்னார்கள். இருக்கலாம், சிலர் நல்ல இடம் கிடைத்துப் போயிருக்கலாம். ஆனால் வாசலில் நிறுத்தி, "ஏம்ப்பா போற?" என்று எத்தனை பேரிடம் கேட்டார்கள்? வரும்போது சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நிறுவனம், போகும்போது ஒரு வார்த்தை கேட்பதில்லை.

5

அடுத்தது 'சமூகப் பொறுப்பு'. அழைப்பிதழின் இன்னொரு பாதி.

கல்லூரிகளைப் பொறுத்தவரை சமூகம் என்பது எப்போதும் வெளியே இருக்கிறது. சமூகப் பொறுப்பு என்றால் நாட்டு நலப்பணித் திட்டம். 1969ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம். வருஷத்துக்கு ஏழு நாள் முகாம் போடுவார்கள். பெரும்பாலும் எங்கள் காலனிக்குத்தான் வருவார்கள். தெருவைக் கூட்டுவார்கள். கை கழுவுவது எப்படி என்று எங்களுக்குப் பாடம் எடுப்பார்கள். எங்கள் அம்மாக்கள் அதே கல்லூரியின் கழிப்பறையைக் காலையில் கழுவிவிட்டு வந்து மாலையில் உட்கார்ந்து சுத்தத்தைப் பற்றிப் பாடம் கேட்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனால் அழுக்கு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆசிரியரைக் கேட்கிறேன். ஏன் ஒரு வருஷமாவது அந்த முகாமை ஊர்த்தெருவில் போட்டு, "உங்கள் டீக்கடையில் எத்தனை விதமான டம்ளர்? உங்கள் கோயிலுக்குள் யார் யார் வரலாம்?" என்று கேட்கவில்லை? அதை விடுங்கள். அந்த முகாமை ஏன் ஆசிரியர் அறையில் போடவில்லை?

ஆசிரியர் அறை என்றதும் எனக்கு ஒரு தண்ணீர்ப்பானை ஞாபகம் வருகிறது. 1918ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்த அம்பேத்கர் ஆசிரியர்களுக்கான பானையில் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். கொலம்பியாவில் படித்து வந்தவர் அவர். எதிர்த்தவர்களும் படித்தவர்கள்தான். படிப்பு சாதியைக் கரைத்துவிடும் என்று சொல்கிறவர்கள் அந்தப் பானையை நினைத்துக்கொள்ளட்டும். படித்தவன் சாதியை அழகாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான். பானை போய்ப் பதிவேடு வந்திருக்கிறது.

பொறுப்பு என்னவென்று தெரியாமலும் இல்லை. உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2012ல் கொண்டுவந்தது. எதெல்லாம் பாகுபாடு என்று அதில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். வகுப்பில் மாணவரின் சாதியை உரக்கச் சொல்வது பாகுபாடு. இடஒதுக்கீட்டுப் பிள்ளை என்று முத்திரை குத்துவது பாகுபாடு. மதிப்பீட்டில் வேற்றுமை காட்டுவது பாகுபாடு. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையம் வேண்டும், பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் பதினாலு மதிப்பெண்ணோடு அந்த வராந்தாவில் நின்ற அதே 2012. எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "அப்படி ஒரு கமிட்டி பேப்பர்ல இருக்கு" என்கிறார்கள்.

அதேபோல 2012 செப்டம்பரில் தமிழக அரசு போட்ட ஆணை எண் 92. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் ஆணை. இதைப் படித்துச் சொல்ல எத்தனை கல்லூரி அலுவலகங்கள் வாய் திறந்தன? ஊர் ஊராகப் போய்த் துண்டறிக்கை கொடுத்துச் சொன்னவர்கள் எங்களைப் போன்ற ஆட்கள். உரையாடல் அறம் பேசுகிறவர்கள் முதலில் உரிமையை வாய்விட்டுச் சொல்லட்டும். எழுந்து நில் என்று சொல்ல வாய் இருக்கிறது, உனக்கு இது சேர வேண்டும் என்று சொல்ல வாய் இல்லையா?

6

நம் முன்னோர்களுக்கு எப்படி உரையாட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 1892ல் சென்னையில் மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து, விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். சபை கொந்தளித்தது. உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கிறார்கள், அவர்களே போதும் என்றார் தஞ்சாவூர் சிவநாம சாஸ்திரி. பண்டிதர் அழவில்லை, அனுபவம் சொல்லவில்லை. சரி, உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புவரை இலவசமாகக் கல்வி கொடுங்கள், தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்று பேச்சைத் திருப்பினார். அந்தத் தீர்மானத்தைச் சபை ஏற்க வேண்டியதாயிற்று. மனசு விட்டுப் பேசுவோம் என்று அவர் நிற்கவில்லை. ஆம் இல்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டிய இடத்துக்குச் சபையைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

1936ல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. சாதியை ஒழிக்கக் கிளம்பிய சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள். உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மாநாடே நடக்கவில்லை. அந்த உரையைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். காந்தி அதை 'ஹரிஜன்' இதழில் மறுத்து எழுதியபோது, 1937ல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் மறுப்பையும் சேர்த்துப் போட்டு, கூடவே தன் பதிலையும் போட்டார். எதிராளியின் வாதத்தைத் தன் புத்தகத்திலேயே அச்சிட்ட மனிதர் அவர். உரையாடல் அறம் என்றால் எனக்கு இதுதான் தெரியும். எதிராளி சொன்னதை மறைக்காதே. நீ சொன்னதை மாற்றாதே. பதில் சொல்லாமல் போகாதே.

7

எழுதும்போது ஒரு முள் என்னையும் குத்துகிறது. அதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

எங்கள் இரவுப் பள்ளிக்கு ஒரு இருளர் பையன் வந்தான். செங்கல் சூளையில் வேலை செய்கிற குடும்பம். ஒரு வருஷம் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். ஒரு கூட்டத்தில் வெளியூர்த் தோழர்கள் வந்திருந்தபோது நான் அவனை எழுப்பி, "தம்பி, சூளையில் நீங்க பட்ட கஷ்டத்தைச் சொல்லுப்பா" என்றேன். சொன்னான். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். முடித்துவிட்டு அவன் என்னைக் கேட்டான்: "அக்கா, எங்க தெருப் பசங்க ஏழு பேருக்கு இன்னும் சாதிச் சான்றிதழ் இல்ல. நீங்க தாலுக்கா ஆபீசுக்கு ஒங்க பிள்ளைங்களைத்தான் கூட்டிட்டுப் போறீங்க. எங்களை எப்ப கூட்டிட்டுப் போவீங்க?"

எனக்கு வாயடைத்துப் போனது. அந்த நேரம் மேசையில் ஒரு மணி இருந்திருந்தால் நானும் அடித்திருப்பேனோ என்னவோ. மறுவாரம் ஏழு பேரோடும் போனோம். அலைந்து அலைந்து ஐந்து பேருக்கு வாங்கியாயிற்று, இரண்டு பேருக்கு இன்னும் இழுத்தடிக்கிறார்கள். அந்தப் பையன் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். யார் கையில் மைக் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். என் கையில் இருந்தால் நான்.

ஆகவே, அந்தப் பெண்ணிடம் நான் சொன்னேன்: "நீ வந்து உன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. உன் மனுவில் எல்லாம் இருக்கிறது. அவர்கள் பதில் சொல்லட்டும்." அவள் அப்பா, "ஏம்மா, பகைச்சிக்கினு பாப்பா எப்பிடிப் பரிச்சை எழுதும்?" என்றார். அந்தப் பயத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். சித்தாள் கூலியில் மூன்று வருஷம் பஸ் சார்ஜ் கொடுத்தவர் அவர். "பகை நாம ஆரம்பிக்கலண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவளே முடிவு செய்தாள்: "நான் வகுப்புக்குப் போறேன். மேடைக்கு வரல."

பிறகு முதல்வருக்குக் கடிதம் எழுதி ஒப்புகையோடு தபாலில் அனுப்பினேன். நான் வருவதற்கான நிபந்தனைகளை எழுதினேன்.

முதலாவது, அந்தப் பத்தொன்பது பாடவேளை வருகையைக் கூட்டத்துக்கு முன்பே திருத்த வேண்டும். அது உரையாடலின் பலனாக வழங்கப்படும் சலுகை அல்ல. உட்கார்ந்திருந்தவளை உட்கார்ந்திருந்தாள் என்று எழுதுவதற்கு யாருடைய பெருந்தன்மையும் தேவையில்லை.

இரண்டாவது, முதல்வரோ துறைத்தலைவரோ தலைமை தாங்கக்கூடாது. புகாருக்கு ஆளான நிர்வாகம் புகாரை விசாரிப்பது பஞ்சாயத்து வழக்கம். கல்லூரிக்கு வெளியிலிருந்து ஒருவர் வரட்டும். பேசுவதெல்லாம் எழுத்தில் பதிவாகட்டும். எந்தத் தேதிக்குள் என்ன செய்யப்படும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். கேள்வி கேட்ட பன்னிரண்டு பேரின் அகமதிப்பீட்டையும் அந்த விரிவுரையாளர் போடக்கூடாது.

மூன்றாவது, இந்த முறை சாட்சியம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. அந்த விரிவுரையாளர் மேடையேறி அனுபவம் சொல்லட்டும். சாதியைச் சொல்லி எழுப்பி நிற்கவைக்கும் பழக்கத்தை எங்கே கற்றார்? எந்த வீட்டில், எந்தத் தெருவில், எந்த ஆசிரியரிடம்? 'ஓசி' என்ற சொல் அவர் வாயில் எப்படி வந்தது? முதல்வரும் சொல்லட்டும், இருபத்திரண்டு எப்படிப் பதினாலு ஆயிற்று என்று. நாங்கள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறோம். அழுகை வந்தால் அவர்கள் அழட்டும். பொன்னாடையை நாங்கள் வாங்கி வருகிறோம்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது, கைப்பேசியில் இரண்டு வரி: 'தவிர்க்க இயலாத காரணங்களால் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது.'

ஆனால் அந்த வாரத்திலிருந்து அவள் பெயருக்கு நேரே வருகை விழுகிறது. பழைய பத்தொன்பது அப்படியேதான் இருக்கிறது. அதற்காக வருகிற திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் பன்னிரண்டு பேரும் மனுக் கொடுக்கிறார்கள். பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் நகல் போகிறது. துறைத்தலைவர் பயந்த 'வெளி' இதுதான். நானும் கூடப் போகிறேன், மனுவைப் பிடித்துக்கொள்ள. பேசப்போவது அவள்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நல்லவர்களாக இருக்கலாம். எங்கள் எழுத்தைப் பாடம் நடத்தலாம், எங்கள் கூட்டங்களுக்கு வந்து முன்வரிசையில் உட்காரலாம். நாளைக் காலையில் உங்கள் பக்கத்து வகுப்பில் ஒருவர், "எஸ்சி பிள்ளைங்க எழுந்து நில்லுங்க" என்று சொல்வது உங்கள் காதில் விழும். அப்போது அந்த அறைக்குள் போய், "சார், இது தப்பு" என்று சொல்வீர்களா? அதைச் சொல்லிவிட்டு எங்களோடு பேச வாருங்கள். எங்கள் தெருவில் நாற்காலி குறைவு. பாய் போடுகிறோம், உட்காரலாம்.